கருவிக்குக் காசு உண்டு, நேரத்துக்கு இல்லை

கல்லூரி ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். வகுப்பறையில் கருவியை வைத்துவிட்டால் பயன்பாடு பின்னாலேயே வந்துவிடும். மீதிக் குறையை ஒரு வாரப் பயிற்சி தீர்த்துவிடும். நம் உயர்கல்வித் துறையில் கற்பித்தலுக்கான தொழில்நுட்ப மானியங்கள் பெரும்பாலும் இந்த மூன்று நம்பிக்கைகளின் மேல்தான் நிற்கின்றன. பட்டமளிப்பு விழா மேடையில் கேட்பதும் இதுதான், நாளிதழ்த் தலையங்கம் எழுதுவதும் இதுதான், கருவி விற்க வரும் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் இருப்பதும் இதுதான். மூவரும் ஒரே குரலில் பேசுவதாலேயே அது உண்மையாகிவிடாது.

ஆசிரியருக்கு ஆர்வம் இல்லை என்பது பொய். கருவி இல்லை என்பது இன்று பாதி உண்மை. உண்மையில் இல்லாதவை மூன்று: பாடத்தைத் திருத்தி அமைக்க நேரம், பக்கத்தில் உட்கார்ந்து தோள்கொடுக்க ஓர் ஆள், தேர்வுத் தாளை மாற்றும் உரிமை. இந்த மூன்றில் ஒன்றைக்கூட வாங்கித் தராத மானியம் ஒப்பந்தக்காரருக்குப் போகும் மானியமே தவிர, கற்பித்தலுக்கான மானியம் ஆகாது.

கருவி வந்தால் பயன்பாடும் வரும் என்ற நம்பிக்கைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியாக நாடு தழுவிய வகுப்பறையைத் தொடங்கியது. நகரத்து நல்ல ஆசிரியரின் பாடம் இன்சாட் செயற்கைக்கோள் வழியே சிற்றூர்க் கல்லூரிக்கும் போய்ச் சேரும் என்றார்கள். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2010இல் அதன் ஆயுள் முடிந்தது. 2009இல் தகவல் தொழில்நுட்பத்தின் வழியே கல்வி என்ற தேசிய இயக்கம் நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒதுக்கீட்டோடு வந்தது. 2011இல் மலிவு விலை ஆகாஷ் டேப்லெட், 2017இல் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளம். இவை எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களைப் பார்த்துத் தேறிய பொறியியல் மாணவர்கள் தமிழ்நாட்டின் ஊர் ஊருக்கும் இருக்கிறார்கள். ஆனால் தொலைக்காட்சியிலிருந்து தொடுதிரைக்கு வந்த இந்த நாற்பது ஆண்டில் கருவி மாறிய அளவுக்குக் கேள்வி மாறவில்லை. எத்தனை இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றே கேட்டோம். வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் ஒரு வாரத்தில் இது எங்கே பொருந்தும் என்று கேட்கவில்லை.

முதல் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்களாம். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது எந்த மானியமும் வரவில்லை, எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை. சில வாரங்களில் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழாசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் சொந்தக் கைபேசியில், சொந்தச் செலவில் டேட்டா போட்டு, கூகுள் மீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் பாடம் நடத்தினார்கள். பாத்திர அலமாரிக்கு எதிரே ஸ்டூல் போட்டு, கைபேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. அந்தப் பாடங்கள் சிறப்பாக இருந்தன என்று நான் வாதாடவில்லை. பல பாடங்கள் மோசமாகவே இருந்தன. ஆனால் விருப்பம் இல்லாதவர்கள் என்ற பழி அந்த ஆண்டோடு செத்துப் போயிருக்க வேண்டும். வகுப்பறை திறந்ததும் அதே ஆட்கள் சாக்பீஸுக்குத் திரும்பியதற்குக் காரணத்தை அவர்களின் மனத்தில் தேடுவதைவிட அவர்களின் கால அட்டவணையில் தேடுவது நல்லது.

கருவி முதலில் வரட்டும் என்ற இரண்டாவது வாதத்துக்கு வருவோம். உயர்கல்விக்கென 2013இல் தொடங்கிய ரூசா திட்டத்தின் உள்கட்டமைப்பு மானியத்தில் புதுக் கட்டடத்துக்கு 35 விழுக்காடு, பழையதைச் சீரமைக்க 35 விழுக்காடு, கருவிகளுக்கு 30 விழுக்காடு என்று பங்கு பிரித்திருந்தார்கள். கூட்டினால் நூறு. ஆசிரியர் நியமனத்துக்கும் மேம்பாட்டுக்கும் அந்தத் திட்டத்தில் தனித் தலைப்புகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கருவி வாங்கும் பணத்தோடு, அந்தக் கருவியைப் பாடமாக மாற்றும் உழைப்புக்கும் பணம் சேர்ந்து வர வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பங்கீட்டில் இல்லை. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் இதே கதைதான். தொழில்நுட்ப வசதியுள்ள வகுப்பறைகள் எத்தனை விழுக்காடு என்று எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆதாரமாக இடக்குறியிட்ட புகைப்படம் ஏற்ற வேண்டியிருந்தது. புகைப்படத்துக்குத் திரை எரிந்தால் போதும். அதில் என்ன நடந்தது என்று படம் சொல்லாது.

ஒரு சாதாரணக் கலைக் கல்லூரியில் இது எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சுக்குள் பணத்தைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பியாக வேண்டும். பணமே பிப்ரவரியில்தான் வருகிறது. கட்டடம் எழுப்ப நேரமில்லை, ஆள் எடுக்க விதியில்லை, ஆகவே ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் தொடுதிரைப் பலகைக்கு ஆர்டர் போகிறது. வந்த பலகையின் வரிசை எண் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டில் ஏறிய நொடியில் அது கற்பித்தல் கருவி என்ற தகுதியை இழந்து அரசுச் சொத்தாகிவிடுகிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது? துறைத் தலைவர் அறையைப் பூட்டுகிறார். சாவி அவருடைய மேசை இழுப்பறையில். பாடவேளை 50 நிமிடம். சாவி வாங்கி, யூபிஎஸ்ஸை முடுக்கி, பேனா தொட்ட இடத்துக்கும் கோடு விழுந்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து முடிக்கையில் பத்து நிமிடம் போயிருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுது பார்க்க எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை. இரண்டாம் ஆண்டில் அந்தப் பலகைக்கு மேலே வெள்ளைத்துணி தொங்குகிறது; பவர்பாயிண்ட் காட்டும் திரையாக. இதைப் பார்த்துவிட்டு, கொடுத்தும் பயன்படுத்தவில்லையே என்று ஆசிரியரைக் குறை சொல்லும் அதிகாரிக்கு அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாது.

பயிற்சி என்ற மூன்றாவது மருந்தின் கதை இன்னும் எளிது. ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் எல்லாம் பதவி உயர்வுக்குத் தேவையான சான்றிதழ்கள். போய் வருகிறார்கள், பலர் ஆர்வத்தோடும் கற்கிறார்கள். ஆனால் அங்கே கற்றுத் தருவது கருவியின் பொத்தான்களை: வினாடி வினா உருவாக்குவது எப்படி, காணொளியை வெட்டுவது எப்படி. கூகுள் படிவத்தில் கேள்வி ஏற்ற ஒரு பிற்பகல் போதும். ஏற்றத் தகுந்த கேள்வியை எழுதுவதுதான் பாடு.

அந்தப் பாடு என்னவென்று ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். இயற்பியல் முதலாண்டு வகுப்பு. ஒரு நாணயத்தை மேலே சுண்டுகிறோம். உச்சியைத் தொட்டு ஒரு கணம் நிற்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், அந்தக் கணத்தில் அதன்மேல் செயல்படும் விசை எது? விசையே இல்லை என்பது ஒரு விடை. எடையைச் சமன்செய்யும் அளவுக்கு மேல்நோக்கி ஒரு விசை என்பது இன்னொன்று. சுண்டிய விசையின் மிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்பது மூன்றாவது. எடை மட்டும், கீழ்நோக்கி என்பது நான்காவது, அதுவே சரி. இயக்கச் சமன்பாடுகளை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவர்களிலும் பலர் முதல் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். ஏனென்றால் அந்தத் தவறான விடைகள் மூன்றும் எங்கிருந்தோ எடுத்துப் போட்டவை அல்ல. மாணவர் மனத்தில் ஏற்கெனவே இருப்பவை. இப்போது பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி விடை கேட்டால் வகுப்பு புரள்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்த்தெடுத்த முறை இது. விடைகளை உடனுக்குடன் எண்ணிக் காட்டும் கிளிக்கர் என்ற சிறு கருவியோடு இது உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் கருவி இல்லாமலும் இது நடந்திருக்கிறது. கனடாவின் நத்தானியல் லாஸ்ரி ஒரு வகுப்புக்குக் கிளிக்கரும் இன்னொரு வகுப்புக்கு விடை காட்டும் அட்டைகளும் கொடுத்து ஒப்பிட்டு 2008இல் எழுதினார்: மாணவர் கற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிளிக்கரால் ஆசிரியருக்கு விடைகளைப் பதிவுசெய்யும் வசதி உண்டு, அவ்வளவே. கற்பித்தது கேள்வி.

அப்படி ஒரு பாடம் முழுவதற்கும் கேள்விகள் எழுத எவ்வளவு உழைப்பு ஆகும்? பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டெலோரியே, ஷெலு, வைமன் மூவரும் நடத்தி 2011இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. முதலாண்டுப் பொறியியல் மாணவர்களின் இயற்பியல் வகுப்பு, 250 பேருக்கு மேற்பட்ட இரண்டு பிரிவுகள். ஒரு பிரிவுக்கு மாணவர் மதிப்பீட்டில் நல்ல பெயர் வாங்கிய அனுபவசாலிப் பேராசிரியர் வழக்கம்போல் விரிவுரை நடத்தினார். இன்னொரு பிரிவுக்கு ஒரு வாரம், அனுபவம் குறைந்த இருவர் கேள்வி, குழு விவாதம், உடனடி விளக்கம் என்று நடத்தினார்கள். அதன்பின் வைத்த ஒரே தேர்வில் விரிவுரைப் பிரிவின் சராசரி 41 விழுக்காடு, மற்றதன் சராசரி 74. இரண்டு பிரிவிலும் திரையும் கிளிக்கரும் இருந்தன என்பதைக் கவனியுங்கள். கருவி ஒன்றே, முடிவு வேறு. முதல் வகுப்புக்கான தயாரிப்புக்கு ஏறக்குறைய 20 மனித மணிநேரம் பிடித்தது, போகப்போகக் குறைந்தது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரச் சோதனைதானே, சோதனை செய்தவர்களே பாடமும் நடத்தினார்களே என்ற விமர்சனம் அப்போதே வந்தது. அது நியாயமான விமர்சனம். 41க்கும் 74க்கும் உள்ள தூரத்தைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக்கான அந்த 20 மணிநேரம் மட்டும் குறையாது.

இதே எண்ணத்தோடுதான், அந்த மூவரில் ஒருவரும் இயற்பியலுக்கு 2001இல் நோபல் பெற்றவருமான கார்ல் வைமன், கொலராடோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அறிவியல் கற்பித்தலை மாற்றும் திட்டங்களை நடத்தினார். துறைகளுக்குப் போட்டி முறையில் மானியம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு கருவிக்குப் போகவில்லை. அந்தந்தப் பாடத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்களைத் துறைக்குள்ளேயே அமர்த்தி, ஆசிரியரோடு சேர்ந்து பாடத்தைத் திருத்தி அமைக்கப் போயிற்று. அமெரிக்காவில் கரோல் ட்விக் 1999இல் பியூ அறக்கட்டளை நிதியோடு தொடங்கிய பாட மறுவடிவமைப்புத் திட்டம் இன்னொரு சான்று. 30 நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் டாலர். நிபந்தனை கறாரானது: தனி ஆசிரியருக்குப் பணம் கிடையாது, ஒரு பாடம் முழுவதையும் ஒரு குழுவாக மாற்ற வேண்டும், மாணவர் கற்றதை எப்படி அளப்பீர்கள், ஆசிரியரின் மணிநேரம் எங்கே எப்படிச் செலவாகும் என்ற கணக்கை முன்னதாகவே தர வேண்டும். 30இல் 25 இடங்களில் மாணவர் கற்றல் மேம்பட்டது. செலவும் சராசரியாக 37 விழுக்காடு குறைந்தது. கணினியை ஏராளமாகப் பயன்படுத்திய திட்டம்தான் அது. ஆனால் கணினியை வாங்குவதற்கு முன் ஆசிரியரின் நேரத்தை எண்ணிய திட்டம்.

நம் விதிகள் அந்த நேரத்தை எப்படி எண்ணுகின்றன? மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணிநேரம் நேரடி வகுப்பு. பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் கற்பித்தல் என்ற தலைப்பில் கேட்பது ஒன்றே: ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை விழுக்காடு எடுத்தீர்கள்? 80 தாண்டினால் நன்று, 70 தாண்டினால் திருப்தி. அதே விதிகளில் நான்கு பகுதிகளோடு ஒரு முழு இணையவழிப் பாடம் உருவாக்கினால் 20 புள்ளி உண்டு. ஆக, ஊருக்கெல்லாம் காணொளி எடுப்பவருக்குப் புள்ளி உண்டு. தன் வகுப்பில் தோற்கும் மாணவர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தவருக்கு எங்கும் இடமில்லை. அதற்கு முந்தைய 2010 விதிகளில் வெளிப்பணியிலும் நிர்வாகத்திலும் தீவிரமாக இருக்கும் பேராசிரியருக்கு வாரம் 2 மணிநேரம் குறைக்கலாம் என்று இருந்தது. நேரத்தைக் குறைப்பது நம் நிர்வாகத்துக்குத் தெரியாத வித்தை அல்ல. கற்பித்தலுக்காக அதைச் செய்ய வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

செலவு அதிகமாகும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019இல் மானியக் குழு கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று வரையறுத்தது. ஒரு பருவத்துக்கு 15 வாரம் என்று வைத்து, ஓர் ஆசிரியரை வாரம் 4 மணிநேரம் விடுவித்தால் 60 வகுப்பு, 90,000 ரூபாய். பெரிய தொடுதிரைப் பலகையை வாங்கி, மாட்டி, மின்னிணைப்பும் கொடுத்தால் லட்சம் எளிதில் தாண்டும். பத்து வகுப்பறைக்குப் பலகை போடும் பணத்தில் பத்து ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு பாடத்தை அடியோடு திருத்தி எழுதலாம். பலகை ஐந்தாறு ஆண்டில் பழசாகும். நல்ல கேள்வித் தொகுப்பு அடுத்த ஆசிரியருக்கும் போகும், பக்கத்துக் கல்லூரிக்கும் போகும்.

எதிர்வாதங்கள் வரும், தெரியும். விடுவித்த நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது முதலாவது. பூட்டிய அறையில் தூங்கும் பலகையை யாரும் இப்படிச் சந்தேகிப்பதில்லை. ரசீது இருந்தால் போதும். ஆசிரியரிடமும் கணக்குக் கேளுங்கள், தாராளமாக. ஆனால் சரியான கணக்கைக் கேளுங்கள்: பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாத்தாளில் மாணவர் எடுத்த மதிப்பெண், எழுதிய கேள்விகளின் தொகுப்பு, சக ஆசிரியர் இருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்து எழுதிய குறிப்பு. இரண்டாவது வாதம் கனமானது. நிரந்தர ஆசிரியரை விடுவிக்க இன்னொரு குறைகூலிக்காரரைக் கொண்டுவருகிறீர்களா? நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களே பெரும்பாரம் சுமக்கும்போது இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அதனால்தான் மணிக்கணக்குக் கூலியைக் கடைசி வழியாகவே சொல்கிறேன். முதல் வழி, வைமன் செய்ததுபோல் முழு ஊதியத்தில் துறைக்கு ஒரு கற்பித்தல் ஆய்வாளர். முனைவர் பட்டத்தோடு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு நம்மிடம் பஞ்சமா? மேலும், நிரந்தரப் பணியில் இருப்பவரே விண்ணப்பிக்கலாம் என்ற வழக்கத்தை விட்டு, கௌரவ விரிவுரையாளரும் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க வழி வேண்டும். அதிக வகுப்பு எடுப்பவர் அவர்தானே.

எத்தனை திருத்தினாலும் தேர்வு மாறாவிட்டால் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். நம் இணைவுக் கல்லூரிகளில் பெரும்பாலும் அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. அந்த 75இல் நாணயத்தின் மேல் எந்த விசை என்று யாரும் கேட்கப் போவதில்லை. நியூட்டனின் விதிகளைக் கூறுக என்றே கேட்பார்கள். மாணவர் முட்டாள் அல்ல. வகுப்பில் யோசிக்கச் சொல்லும் ஆசிரியரைவிட, தேர்வுக்கு வரும் பத்துக் கேள்வியைச் சொல்லும் கைடு அவருக்குப் பயன். ஆகவே மானியம் பெறும் பாடத்துக்கு அகமதிப்பீட்டின் பங்கைக் கூட்டவோ, வினாத்தாளில் ஒரு பகுதியை அந்தக் குழுவே எழுதவோ பல்கலைக்கழகம் அனுமதி தர வேண்டும். ஸ்வயம் வழியாக ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை பாடங்களை வெளியிலிருந்து படித்துக்கொள்ள 2021இல் விதி செய்த மானியக் குழு, தன் கல்லூரி ஆசிரியரை இவ்வளவு தூரம் நம்பக் கூடாதா?

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும்: பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம், சாக்பீஸே போதும், இந்த மானியமே வேண்டாம். அவர்களுக்கும் இதில் இடம் கொடுக்க முடியாது. விலங்கியல் வகுப்பில் துடிக்கும் இதயத்தின் அசைவுப் படத்தை எந்தச் சாக்பீஸும் காட்டாது. எழுபது பேரின் விடையைப் பத்து நொடியில் எண்ணித் தருவது பெரிய உதவி. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குப் பாடக்குறிப்பைத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவது வசதி என்ற கணக்கில் வராது, அது உரிமை. ஒரு பிளக் பாயிண்ட்கூட ஒழுங்காக இல்லாத வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே முதல் ரூபாய் மின்கம்பிக்குத்தான் போக வேண்டும். கருவிக்குக் காசு கொடுக்காதே என்பது என் வாதம் ஆகாது. கருவிக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பழியை ஆசிரியர் தலையில் போடாதே என்பதே வாதம்.

எனவே அடுத்த முறை மானிய அறிவிப்பு வரும்போது அதில் நான்கு வரி சேரட்டும். மொத்தப் பணத்தில் பாதிக்குக் குறையாமல் ஆசிரியரின் நேரத்துக்கும் துணை ஆளுக்கும். கருவி வாங்கினால் மூன்று ஆண்டுப் பழுதுபார்ப்புச் செலவு சேர்த்தே. காலவரை மார்ச்சோடு முடியாமல் இரண்டு முழுக் கல்வியாண்டு. அறிக்கையில் புகைப்படத்துக்குப் பதிலாக மாணவர் கற்றதன் அளவு. இந்த நான்கும் இல்லாத அறிவிப்பைக் கல்லூரிகள் திருப்பி அனுப்ப வேண்டும். கல்விப் பேரவைகளிலும் ஆசிரியர் சங்கங்களிலும் இதைத் தீர்மானமாகவே போடலாம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது என்ற நம்பிக்கையில்தான் பிப்ரவரியில் பணம் அனுப்புகிறார்கள்.